திரைக்காரர் வீட்டு ஜன்னல்

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அளவெடுக்க வருகிறவர், ஜன்னலைத் தொடுவதற்கு முன் கம்பிகளுக்கிடையே மூக்கை வைத்து வெளியே பார்க்கிறார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எதிரே மரம் உண்டா, அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் அகலம், உயரம். மரம் கொஞ்சம் நல்ல மரமாக அமைந்துவிட்டால் அன்றைய வியாபாரம் அவ்வளவுதான். "வெளிய இவ்வளவு அழகா இருக்கு, இதைப் போயி எதுக்குங்க மூடறீங்க?" என்று கேட்டுவிட்டு, டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

ஜன்னல் திரை தைத்து மாட்டுவது தொழில். திரைக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஊரில் பாதி ஜன்னல்களை மூடிவைத்த மனிதருக்கு நான்கு சுவருக்குள் இருப்புக் கொள்ளாது. மழை பிடித்தால் மற்றவர்கள் உள்ளே ஓடுவார்கள். இவர், "வந்துடுச்சான்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்று வெளியே போவார். பார்த்து முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். விடுமுறை நாளென்றால் விடியும்போதே எதிர்வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குன்றின் மேல் இருப்பார். அங்கே அவருக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. பறவைகளின் பெயர் தெரியாது, மீன் பிடிக்க வராது. சும்மா நடப்பார், சும்மா உட்காருவார், சட்டையெல்லாம் ஒட்டுமுள்ளோடு திரும்புவார்.

"இவருக்கு வீடு எதுக்கு? செருப்பு விட ஒரு இடம் வேணும், அதுக்குத்தான்" என்பாள் மனைவி. கல்யாணமான புதிதில், "ஒரு இடத்துக்குப் போலாம் வா" என்று அவர் கூப்பிட்டதும் சினிமாவென்று நம்பி, குதிகால் உயர்ந்த செருப்போடு கிளம்பியவள் அவள். அதில் ஒன்று இன்றும் குன்றின் மேல்தான் எங்கோ கிடக்கிறது. மற்றொன்றை, சண்டை வரும்போது எடுத்துக் காட்டுவதற்காகப் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அவளுடைய பெரிய குறை, திரைக்காரர் வீட்டில் திரை கிடையாது என்பது. இவள் தலை வாருவதும், கண்ணாடி முன் நின்று நரைமுடி தேடுவதும் எதிர்வீட்டுக்காரிக்கு மனப்பாடம். புலம்பல் எல்லை மீறும்போது அவர் ஒரு திரை தைத்துக்கொண்டு வருவார். மாட்டிப் பார்த்தால் ஒரு சாண் குறையும். "அடடா, அளவு தப்பாப் போச்சே" என்று தலையைச் சொறிவார். ஊரார் ஜன்னலில் ஒரு நூல் பிசகாதவருக்குத் தன் வீட்டு ஜன்னல் மட்டும் ஒவ்வொரு தடவையும் பிசகும். அந்தத் திரைகளெல்லாம் இப்போது தலையணை உறைகளாக இருக்கின்றன.

போன மாதம் குன்றில் சறுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். பிளேட் வைத்து அனுப்பினார்கள். டாக்டர் சொல்கிறவரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஊன்றினால் மறுபடி ஆபரேஷன், அப்புறம் நடப்பதே சந்தேகம். பாவம் பார்த்து அவள் கட்டிலை ஜன்னலோரம் போட்டாள். போட்ட இரண்டாம் நாளே, சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், மனிதர் எழுந்து உட்கார்ந்து ஒரு காலைக் கீழே தொங்கவிட்டிருந்தார். மரத்துப் போச்சு என்றார். கண் என்னவோ குன்றின் மேல் இருந்தது.

விஷயம் மகளுக்குப் போயிற்று. வெளியூரிலிருந்து போனிலேயே தீர்ப்பு சொன்னாள். "பார்த்துக்கிட்டே கிடந்தா எந்திரிக்கத்தாம்மா தோணும். முதல்ல அந்த ஜன்னலை மூடு." அப்பாவின் கடையில் தைப்பவரிடமும் அவளே சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வேண்டாமென்று கத்தியிருந்தால் மனைவியும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவரோ மாத்திரை கொடுத்தால் விழுங்கினார். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார். நேற்று சாயங்காலம் நல்ல மழை. வந்துவிட்டதா என்றுகூடக் கேட்கவில்லை.

இன்று காலை தையல்காரர் போன் செய்தார். "அளவு சொல்லுங்க அண்ணி. உங்க வீட்டுக்கு ஒரு தடவையாவது ஒழுங்கா ஒரு ஸ்கிரீன் மாட்டிடுவோம்."

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவர் பையிலிருந்து டேப்பை எடுத்து வந்தாள். அது ஜன்னல் சட்டத்தில் உரசியதும் சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "மடிப்புக்கும் சேர்த்துச் சொல்லு." தொழில் புத்தி.

"எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க காலைக் கீழ வெச்சா மட்டும் பாருங்க."

"வைக்கல."

"என் மேல சத்தியமா?"

"அட, வைக்கலம்மா."

டேப்பின் ஒரு நுனியைக் கால்மாட்டுப் பக்கச் சட்டத்தில் அழுத்தி, மறுபக்கத்தைத் தலைமாட்டு வரை இழுத்தாள். சட்டம் முடியும் இடத்தில் விரலை வைத்தாள். மழையில் கழுவி விட்டதுபோல் நின்ற குன்றை ஒருமுறை பார்த்தாள். பிறகு விரலை டேப்பின் மேலேயே நகர்த்தி, ஒரு சாண் பின்னால் கொண்டுவந்து, அங்கிருந்த எண்ணை நிதானமாக, இரண்டு தடவை, போனில் படித்தாள்.