அம்மாவின் நோட்டில் இருந்த நோய்கள்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி அண்ணன் கேட்டார். நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பேனாவை எடுத்தால் கோபம்தான் முதலில் வருகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது ஆண்டிமடம் பக்கம், முந்திரிக்காட்டில் கூலி வேலை செய்த குடும்பத்தில். கொட்டை உடைத்துக் கறுத்த விரல்களோடுதான் மீன்சுருட்டிக்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தார். அப்பா எங்கள் சிறு வயதிலேயே போய்விட்டார். அதன்பின் நடவோ களையெடுப்போ அறுப்போ, யார் வயலில் வேலை இருந்தாலும் அம்மா அங்கே இருந்தார். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாமல் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அண்ணனுக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. எனக்குப் பெரம்பலூரில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. எங்களோடு வந்து இருக்கும்படி எத்தனையோ முறை கூப்பிட்டோம். வரவே இல்லை.

எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் நெய்வேலிக்கும் திருப்பூருக்கும் மெட்ராஸுக்கும் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியவர்கள் வயதானவர்கள். அவர்களில் அறுபத்தைந்தைத் தாண்டியும் விறுவிறுவென்று நடப்பவர் அம்மா ஒருவர்தான். அதுவே அவருக்கு வினையாகப் போயிற்று.

பக்கத்து வீட்டு அத்தைக்கு முட்டிவலி. பஸ் படியில் கால் வைக்க முடியாது. பெரியப்பாவுக்கு இழுப்பு, ரோடு வரை நடந்தாலே மூச்சு வாங்கும். கோடி வீட்டு மாமாவுக்கு நெஞ்செரிச்சல். அவருக்குக் கால்கள் நன்றாகத்தான் இருந்தன, வரிசையில் நிற்கத்தான் பொறுமை கிடையாது. டவுன் ஆஸ்பத்திரியிலோ ஆளைப் பார்க்காமல் மாத்திரை தரமாட்டார்கள். இதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். புதன்கிழமைதோறும் காலை பஸ்ஸில் போய், மூன்று பேருடைய நோயையும் தன்னுடைய நோயாகவே டாக்டரிடம் சொல்வார். கொடுத்த மாத்திரைகளை முந்தானையில் மூன்று முடிச்சாக முடிந்துகொண்டு வந்து வீடு வீடாகப் பிரித்துக் கொடுப்பார். அடிக்கடி வருகிறவர்கள் நோட்டு வாங்கி வரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அம்மாவும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கித் தன் பெயரை எழுதி வைத்துக்கொண்டார்.

ஒரு பொங்கல் லீவில் அந்த நோட்டை நான் தற்செயலாகப் புரட்டினேன். முட்டிவலி, மூச்சிரைப்பு, நெஞ்செரிச்சல் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. பெற்ற தாய்க்கு இவ்வளவு நோய் இருப்பது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அழுதேன். அம்மா சிரித்தார். விஷயத்தைக் கேட்டதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அன்று அவரைத் திட்டிய திட்டு கொஞ்சமல்ல.

"அவங்க ரோட்டுக்கு நடந்து வரதுக்குள்ள உசுரே போயிடும் புள்ள. எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு" என்றார்.

நேரே பெரியப்பாவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் நிதானமாக வெற்றிலையை மென்றுகொண்டே, உள்ளே போகிற மாத்திரை ஆள் பெயரைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கிறது என்றார். மறு புதன்கிழமையும் அம்மா பஸ் ஏறினார்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. பிறகு அம்மாவுக்கே கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. எங்களுக்கு ஒரு வரி எழுதிப் போடவில்லை. புதன்கிழமை வழக்கமான மூன்று நோய்களோடு தன் மூச்சு முட்டலையும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு வருடமாக உள்ள தொந்தரவுதானே என்று அதே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதையும் அம்மா கொண்டுபோய்ப் பெரியப்பாவிடமே கொடுத்திருக்கிறார். பிறகு ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டதற்கு, அது அவருடைய மாத்திரைதானே என்றார். எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அடுப்படியில் விழுந்துவிட்டார். யாரோ டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தந்தி கிடைத்து நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அந்த நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இழுப்புக்காரர், அதற்குத்தான் ஊசி போட்டிருக்கிறோம், இன்னும் குறையவில்லை என்றார்.

"சார், அதுல இருக்கிற நோய் எதுவும் எங்க அம்மாவோடது இல்ல" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பின்னே யாருடையது என்று கேட்டார். நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் மூன்று பேரும் வார்டுக்குள் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வரவே முடியாது என்று இரண்டு வருடம் வீட்டில் இருந்தவர்கள், முடியாதவர்களைக் கண்டக்டர் தூக்கி ஏற்றிவிட, அதே பஸ்ஸில் வந்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெரியப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி, "அந்த இழுப்பு என்னுது சார்" என்றார். முட்டிவலி தன்னுடையது என்றார் அத்தை. மாமா தலையைக் குனிந்துகொண்டே நெஞ்செரிச்சலை ஒப்புக்கொண்டார்.

டாக்டர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கம் வரை அடித்தாயிற்று. அம்மாவுடையது என்று ஒரு வரியும் மிஞ்சவில்லை. மூன்று மாதத்துக்கு முன் அவர் சொன்ன மூச்சு முட்டலும் பெரியப்பாவின் இழுப்போடு சேர்ந்து அடிபட்டுப் போயிருந்தது.

டாக்டர் நோட்டை மூடிவிட்டு, "உங்களுக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்டார்.

படுத்தால் மூச்சு முட்டுவதையும் கால் வீக்கத்தையும் அம்மா சொன்னார். படம் எடுத்துப் பார்த்ததில் இருதயம் பெருத்திருந்தது. சீக்கிரம் வந்திருக்கலாம் என்றார்கள். எங்கள் அம்மா, இரண்டு வருடம் வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவர், தாமதமாக வந்தவர் ஆகிவிட்டார். அதன்பின் பதினோரு நாட்கள்தான் இருந்தார்.

டிராக்டர் கொண்டுவந்த தம்பிக்கும், பஸ்ஸை நிறுத்திக் கிழடுகளைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்ட கண்டக்டருக்கும், கடைசி நாட்களில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்ட நர்சம்மாவுக்கும், கடைசியிலாவது கேட்ட அந்த டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் மாமாவுக்கும் நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

கருமாதியன்று மூன்று புது நோட்டு வாங்கி, அவரவர் பெயரை எழுதி மூவர் கையிலும் கொடுத்தேன். இனிமேல் அவரவர் நோயை அவரவரே போய்ச் சொல்லுங்கள் என்றேன். பெரியப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி புள்ள. என்னை யாரு கூட்டிக்கிட்டுப் போவா?"

திட்டத்தான் வாயெடுத்தேன். அவருடைய இரண்டு மகன்களும் என்னைப் போலவே வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். பையை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் பிடித்தேன்.