ஜீப்புக்கு அடியில் அண்ணனும் நானும்

அருப்புக்கோட்டையில் எங்களுக்குப் பருத்தி விதைக் கடை. கடை அண்ணனுக்கும் எனக்கும் பொது. வாசலில் நின்ற ஜீப்பும் பொது. பட்டாளத்தில் ஓடிக் களைத்து ஏலத்துக்கு வந்ததை அப்பா எடுத்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணனும் நானும் எட்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. தப்பு என்னுடையதுதான். எதற்கோ கோபப்பட்டு, "பாகம் பிரிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு அன்றைக்கே சூடு வைத்திருக்கலாம். அவர் அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. அதன்பிறகு எந்தப் பேச்சும் பேசவில்லை. எனக்கும் ரோஷம் குறைவா என்ன.

ஒரே வீட்டில் பேசாமல் காலம் தள்ள எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. நடுவில் ஓர் ஆள் நிற்க வேண்டும். எங்களுக்கு மதினி நின்றார். அண்ணன் தன் மனைவியிடம் சொல்வார். பக்கத்திலேயே நிற்கும் நான் காதில் வாங்காதவனாக இருப்பேன். மதினி திரும்பி என்னிடம் சொன்னபிறகுதான் எனக்குக் கேட்கும்.

ஐப்பசி பிறக்கும் நேரத்தில் ஜீப்பின் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது. கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டி அது. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது. மழை விழுந்துவிட்டால் பரளச்சிப் பக்கத்துக் கரிசலில் லாரி இறங்காது, நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் போகும். ஈரம் காய்வதற்குள் விதை போய்ச் சேராவிட்டால் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். "இந்த மழைக்கு வண்டி ஓடலேன்னா அவன் கேட்டபடி பிரிச்சுக் குடுத்துருவோம்னு சொல்லு" என்றார் அண்ணன். மதினி அதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டுவிட்டது.

மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒரே ஒரு பெட்டி கிடைத்தது. இன்னொன்று எங்கேயும் கிடைக்காது என்றார் கடைக்காரர். காரியாபட்டிக்கு ஒரு விசேஷத்துக்குப் போன மெக்கானிக் திரும்பவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நாங்களே சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தோம்.

எண்ணெயை வடித்து, ஷாஃப்டுகளைக் கழற்றி, பழையதை இறக்கவே அரை நாள் ஆயிற்று. மாற்றுப் பெட்டியை ஏற்றும்போதுதான் பெரும்பாடு. நான் மல்லாந்து படுத்து அதை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்க, அண்ணன் போல்ட்டை முடுக்கினார். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம். அவர் வேர்வை என் காதில் சொட்டியது.

"இன்னுங் கொஞ்சம் தூக்கச் சொல்லு" என்றார் அண்ணன்.

வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருந்த மதினி, "தம்பி, இன்னுங் கொஞ்சம் தூக்கணுமாம்" என்றார்.

"இதுக்கு மேல ஏறலேன்னு சொல்லுங்க மதினி" என்றேன்.

"ஒரே சாக்குல படுத்துக்கிட்டு ரெண்டு பேரும் எந் தொண்டையத் தேய்க்கிறீகளே" என்றார் மதினி.

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

மறுநாள் காலை மழை பிடித்தது. விதை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அண்ணன் கிளம்பினார். நான் சாக்கை உதறி மடிக்கப் போனேன். அதன் பக்கத்தில் எண்ணெய் டின் இருந்தது. தூக்கினால் கனத்தது. மூடியே திறக்கவில்லை. பெட்டிக்கு அவர் ஊற்றியிருப்பார் என்று நான் இருந்திருக்கிறேன்; நான் ஊற்றியிருப்பேன் என்று அவர் இருந்திருக்கிறார். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளத்தான் வாய் இல்லையே. எண்ணெய் இல்லாமல் ஓடினால் பரளச்சி போய்ச் சேருமுன் உள்ளே பற்சக்கரங்களின் பல்லெல்லாம் தேய்ந்து பெட்டி இறுகிவிடும். அதோடு கடையும் இரண்டாகிவிடும்.

மதினி சமையல்கட்டில் இருந்தார். அவரைத் தேட நேரமில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினேன். தெருமுனையில் வண்டி திரும்பும்போது கத்தினேன்.

"அண்ணே, நில்லுங்க. எண்ணெ ஊத்தலை."

வண்டி நின்றது. அண்ணன் இறங்கி வந்து என்னையும் டின்னையும் பார்த்தார்.

"ஏலே, நீ ஊத்திட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

"நீங்க ஊத்திட்டீகன்னு நெனச்சேன்."

"சரி, படு."

ஈரத் தெருவில், சாக்குகூட இல்லாமல், மறுபடி வண்டிக்கு அடியில் படுத்தோம். டின்னைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அவர் என்னை ஏசிக்கொண்டே இருந்தார். அந்த ஏச்சு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த மதினி, "அப்பாடா, எனக்கு வேலை போச்சு" என்றார்.

கடை கடைசிவரை பிரியவில்லை. அண்ணன் இறந்துபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. மழை பிடித்தால் அவரிடம் சொல்ல எனக்கு ஏதாவது இருக்கிறது. மதினியிடம் போய்ச் சொல்கிறேன். வெற்றிலையை மென்றுகொண்டே முழுவதையும் கேட்பார்.

"சரி தம்பி, அவுககிட்டச் சொல்லிருதேன்" என்பார்.