ஊதாச் சாயம் தங்கிய கிருமி

எழுதிப் பழகாத கை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே பின்னே மாறியிருக்கும், சிலது மறந்தும் போயிருக்கும். மன்னிக்க வேண்டும்.

கொழுந்து பறிக்கும்போது வெட்டிவிட்ட தேயிலைக் குச்சி ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. எனக்குச் சர்க்கரை வியாதி வேறு. விரல் வீங்கிச் சீழ் வைத்தது. குன்னூர் டாக்டர் பஞ்சுக்குச்சியால் சீழைத் தொட்டு லேபுக்கு அனுப்பினார். "மருந்துக்குக் கேக்கலைன்னா விரலை எடுக்க வேண்டி வரலாம்மா" என்றார். விரல் போனால் கொழுந்து பறிப்பது எப்படி?

லேபுக்காரப் பெண் வெளியே வந்து, "கிராம் பாசிட்டிவ்ங்க" என்றாள்.

பாசிட்டிவ் என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கொரோனா நேரத்தில் எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் பாசிட்டிவ் என்றால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள். கூட வந்த என் மகளோ தோட்டத்தில் கொழுந்து நிறுத்துப் பழகியவள்.

"எத்தன கிராமுங்க?" என்று கேட்டாள்.

"ஏனுங்கக்கா, நானென்ன கொழுந்தா நிறுக்கறேன்? சாயம் போட்டுப் பாக்குற சோதனைக்கு அதான் பேருங்க. பயப்படாதீங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

உள்ளே கூப்பிட்டுக் கிருமி பார்க்கும் கண்ணாடியில் காட்டினாள். ஊதா மணிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன.

"கிருமிக்கும் செவுரு இருக்குதுங்கம்மா. சர்க்கரையில சரம் சரமா ஓடும், குறுக்கால புரதத்துல கட்டு. இதுக்குச் செவுரு தடிமனுங்க, அதான் ஊதாச் சாயம் தங்கிருச்சு. இன்னொரு சாதிக் கிருமிக்கு மெல்லிசுச் செவுரு, மேல கொழுப்புப் படலம். அதுல ஊதா நிக்காது, செவப்பாத் தெரியும்."

"என்னைய ஒரு ஸ்பூன் தொட விடமாட்டேங்கறாங்க, இது செவுரே கட்டிருக்குதா!" என்னையறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"அது வேற சர்க்கரைங்கம்மா!"

டாக்டர் லேபுச் சீட்டைப் பார்த்து, முதலில் கொடுத்த மாத்திரையை மாற்றினார். அந்த மருந்து குறுக்குக் கட்டைப் போட விடாதாம், சுவர் தாங்காமல் கிருமி வெடித்துவிடுமாம். நம் உடம்பில் அப்படிச் சுவர் கிடையாது என்பதால் நமக்கு அந்தச் சேதம் இல்லையாம்.

அடுத்த முறை போனபோது வீக்கம் வற்றியிருந்தது. "மடக்குங்கம்மா" என்றார். மடங்கியது. "விரலுக்கு இனிப் பயமில்லை" என்றார். மஞ்சூர் பஸ்ஸில் ஊர் வரும்வரை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டே வந்தேன். மகள், "கண்டக்டர் தன்னையக் கூப்புடறாங்கன்னு நெனைக்கப் போறாரு, கையக் கீழ வைம்மா" என்றாள்.

சரம் சர்க்கரை, கட்டு புரதம் என்றுதான் என் காதில் விழுந்தது. மாற்றி எழுதியிருந்தால், படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.