வேலிக்குள் சுமைதாங்கி

இது நடந்தது. நடந்ததேதான். பதுளைக் கடைவீதியில் சிவஞானம் முதலாளியின் கழுத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதைப் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

1913இல் அரிசிக்கடை சிவஞானத்துக்குத் திடீரென்று பழமைமேல் பாசம் பொங்கியது. பட்டணத்தின் பழஞ்சின்னங்களைக் காக்க வேண்டும் என்று ஒரு விருந்தில் வெள்ளைக்காரத் துரை சொன்னாராம். போதாதா? மடுல்சீமைப் பாதையோரம் நின்ற சுமைதாங்கியைப் பெயர்த்து, வண்டியில் ஏற்றிவந்து, தன் கடைக்கு எதிரே நட்டார். இரண்டு கல் நிற்க, மேலே ஒரு கல் படுத்திருக்கும். அவ்வளவுதான். அதற்குச் சுண்ணாம்பு பூசி, சுற்றிலும் ஆளுயரக் கம்பி வேலி போட்டார். ஒரு கதவுகூட வைக்கவில்லை. "ராசா காலத்துக் கல்" என்று துரையிடம் கூசாமல் அளந்தும்விட்டார். துரை கையால் திறப்பு விழா, தன் கழுத்தில் மாலை... அந்த நினைப்பிலேயே மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் ரெங்கம்மா தலையில் மூட்டையோடு வந்து நின்றாள். தேயிலைத் தோட்டத்துக்குச் சரக்குச் சுமக்கிறவள்.

"கம்பியப் பிடுங்கிருங்க மொதலாளி. புள்ளத்தாச்சியா செத்தவளுக்கு வச்ச கல்லுங்க. போறவங்க வாறவங்க சுமைய எறக்கினாத்தான் அவ பாரம் எறங்கும்."

"அழுக்கு மூட்டைய வச்சா சுண்ணாம்பு போயிரும். போ, போ."

போய்விட்டாள். கடையைப் பூட்டிவிட்டு, முதலாளி வேலியருகே நின்று தன் பெருமையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். வேறு யார் ரசிக்கப்போகிறார்கள்?

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம்... ஹ்ம்... ஹ்ம்...

"ஐயா... செத்த எறக்கி விடுங்க..."

திரும்பினார். யாருமில்லை.

தலை கனத்தது. தலைப்பாகையைக் கழற்றினார். கனம் குறையவில்லை. கூடியது. கழுத்தில் நறுக்கென்று ஒரு சத்தம்.

தலையைத் தடவினார். ஒன்றுமில்லை. ஆனால் கைக்குச் சூடாகப் பட்டது...

ஏதோ புரண்டது.

உதைத்தது.

தலையைக் கல்லில் சாய்க்க ஓடினார். கம்பி. சுற்றி வந்தார். கம்பி... கம்பி...

விடிந்து பார்த்தவர்கள், கம்பியில் தலையை முட்டிக்கொண்டு முனகியவரைத் தூக்கிப்போனார்கள். விழாவும் இல்லை, மாலையும் இல்லை. அன்றே கல் பழைய இடத்துக்குப் போனது. ரெங்கம்மா முதல் மூட்டையை அதில் இறக்கியதும் அவர் தலையில் கனம் விட்டது. கழுத்து மட்டும் நிமிரவில்லை.

"யாருக்கு வச்ச கல்லு?" என்று அவளிடம் கேட்டார்.

"எங்கக்கா இராக்கம்மாளுக்குங்க. இருவது வருசமாச்சு. ஒங்க கடை மூட்டைதான் சுமந்துச்சு. வாசல்லயே வலி கண்டுருச்சு. எறக்கி விடுங்கன்னு ஒங்களத்தான் கேட்டுச்சாம். கடைய மூடியாச்சு, போன்னீங்களாம். பாதையிலேயே செத்துப்போச்சு."

ராசா காலத்துக் கல்லாம்!

குனிந்த கழுத்தோடு சாகும்வரை சிவஞானம் யோசித்துப் பார்த்தார். அப்படிக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். அதில் அவள் முகம் எது என்று அவருக்கு நினைவே வரவில்லை.