டிடி ஊசியும் சுடுமணல் ஒத்தடமும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துத் துணை சுகாதார நிலையத்தில் நான் ஆயாவாக இருந்தேன். பெருக்குவது, வரிசையில் உட்கார வைப்பது, ஊசி போட்டதும் மயங்கி விழுகிற பெரிய மீசைக்காரர்களைத் தாங்கிப் பிடிப்பது என் வேலை. நாலு பேர் காதில் விழும்படி பேச மட்டும் வராது.

ஒரு நாள் காலை, மீன் விற்கும் கன்னியம்மா சண்டைக்கு வந்தாள். மாசமாக இருந்த மருமகள் செல்விக்கு ரணஜன்னி வராமல் தடுக்கும் டிடி ஊசி, முதல் தவணை, போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. கை வீங்கிச் சிவந்து கிடந்தது.

"இன்னா ஊசி போட்ட நர்சம்மா? ஒரு கூடை தூக்க முடியல இவளால. குப்பத்து வாட்ஸ்அப்புல போட்டோ போட்டுட்டேன். அடுத்த ஊசிக்கு இவ வரமாட்டா."

நர்சம்மா செல்வியின் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஊசி போட்ட எடம் ரெண்டு நாள் வலிக்கும், லேசா காய்ச்சல் வரும். இது தோலே வெந்து கீதே. இன்னா பண்ண?"

"கடல்மண்ண வறுத்து, துணில கட்டி, அழுத்தித் தேச்சேன். எங்க வூட்ல எல்லா வலிக்கும் அதான்."

"தேய்க்காத, ஈரத்துணி போதும்னு ஆயா சொல்லல?"

சொன்னேன். செல்வியிடம், எனக்கே கேட்காத குரலில்.

கன்னியம்மா மருமகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டாவது ஊசி போடாவிட்டால் பிரசவத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. நர்சம்மா வீடு வரை போய்க் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை.

கடைசியில் ஒரு கெளுத்தி மீன்தான் உதவியது. அதன் முள் கன்னியம்மாவின் உள்ளங்கையில் ஏறியது. ரணஜன்னிக்குப் பயந்து, அலறிக்கொண்டு வந்து அதே டிடி ஊசியைப் போட்டுக்கொண்டாள். மறுநாள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கப் போனேன். செல்வி அடுப்பில் மண் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, கைய நீட்டு. நீ எனக்குப் பண்ணா மாதிரியே அழுத்தித் தேய்க்கிறேன்."

"வேணாண்டி, நல்லா இருப்ப. ஆயா, நீயாவது சொல்லேன்."

ஈரத்துணி போதும் என்று சொன்னேன். அவசரப்படாமல், இரண்டு பேருக்கும் கேட்கச் சொன்னேன். இரண்டே நாளில் கன்னியம்மாவின் கைவலி போய்விட்டது.

செல்வியின் இரண்டாவது ஊசிக்குக் கன்னியம்மாவே கூட்டி வந்தாள். வரிசை முழுக்கக் கேட்கக் கத்தினாள். "ரெண்டு நாள் வலிக்கும், அவ்ளோதான். எவளாவது மண்ண வறுத்தீங்க, தொலைச்சிடுவேன்."

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். ஊசி போட்டபின் என்ன செய்யக்கூடாது என்பதைப் போட்டுக்கொண்டவளிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அவள் வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறதோ, அவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.