வலிக்குதுங்க, சார்

பனிமலைக் காவலில் என் இடது காலின் இரண்டு விரல்கள் கருகிப்போயின. பட்டாள ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். மீதிக் காலும் அதன்பின் என் பேச்சைக் கேட்கவில்லை. ஏழாம் வகுப்போடு வீட்டைவிட்டு ஓடியவன் நான், சுற்றித்தான் பிழைப்பு. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு நாடுகாணி மலைப்பாதையில் லாரி கிளீனர், குன்னூரில் எஸ்டேட் வாட்ச்மேன் என்று இருந்து பார்த்தேன். குளிர் இறங்கினால் கால் மரத்து, பிறகு எரியும். வேலை போய்விடும்.

ஊன பென்ஷனுக்கு எழுதிப் போட்டேன். மருத்துவக் குழு கூப்பிட்டது. எப்படி இருக்கிறாய் என்று அதிகாரி இந்தியில் கேட்டார். விறைத்து நின்று, நன்றாக இருக்கிறேன் என்று முழங்கினேன். பட்டாளத்தில் அதற்கு வேறு பதில் கிடையாது. குறை ஒன்றுமில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

ஜெகதளாவில் தேயிலை பறிக்கும் என் மனைவி கொதித்துப் போனாள். "ஏனுங்க, ஊட்டுல சுடுதண்ணி வைக்கலைன்னா தெருவையே எழுப்புறீங்க. அங்க போயி சௌக்கியம்னு சொல்லிட்டு வந்தீங்களாக்கும்? சம்பந்தி ஊட்டுக்கா போனீங்க?"

மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி. அதுவும் போனால் பென்ஷன் இல்லை. சாயங்காலந்தோறும் அவள் என் பழைய பட்டாளக் கோட்டை மாட்டிக்கொண்டு அதிகாரி மாதிரி ஸ்டூலில் உட்காருவாள்.

"காலு எப்படி இருக்கு?"

"நல்லா..."

"வெளிய போயிட்டு மறுக்கா வாங்க. நடிக்கச் சொல்லலீங்க. வலிக்கறத வலிக்குதுன்னு சொல்லுங்க."

மேல்முறையீட்டுக்குக் கூப்பிட்ட நாளில் அவளும் வந்து, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே தோளில் நட்சத்திரங்களோடு ஒரு தமிழ் டாக்டர். பார்த்ததும் பாடமெல்லாம் மறந்தது. இடது கால் தானாக எழும்பிச் சிமெண்டுத் தரையில் அறைந்தது. இடுப்புவரை தீ ஓடியது. கண்ணில் தண்ணீர், சல்யூட் மட்டும் இறங்கவில்லை.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"இல்ல..."

வெளியே ஓர் இருமல் கேட்டது. சளி இருமல் அல்ல அது.

"வலிக்குதுங்க, சார்."

"பின்ன ஏம்ப்பா இந்த அடி அடிச்ச?"

"உடுப்பப் பாத்தா கால் நிக்க மாட்டேங்குதுங்க, சார்."

சிரித்துவிட்டார். பூட்ஸைக் கழற்றச் சொல்லி, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். குளிரில் எப்படி, படியேறினால் எப்படி என்று கேட்டார். ஒருமுறை வாய் திறந்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

பென்ஷன் உத்தரவு வந்த அன்று அவள் கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"காலு எப்படி இருக்கு?"

"வலிக்குது."

"அதான் கெடச்சிருச்சில்ல? போயி வெறகு எடுத்துட்டு வாங்க."