தில்லையம்மாளைக் கேட்காமல் வைத்த வலை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் உட்காரக் கூடாது. ஆளே வராத மத்தியான வேளையிலும் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும். முதலாளி மட்டும் கல்லாவில் சாய்ந்து உட்காரலாம், அதனால் வியாபாரத்துக்கு ஒரு குறையும் வந்துவிடாது. தில்லையம்மாள் அப்படி நின்று நின்றே நாற்பத்தைந்து வயதைத் தொட்டவள். சிதம்பரத்தில் பிறந்து கடலூருக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் தேவநாதன் பம்புசெட் மெக்கானிக். ஒரே மகள் சுவேதா.

2007 பொங்கல் வியாபாரத்தின்போது, மேல்தட்டிலிருந்து இறக்கிய புடவைக்கட்டை நெஞ்சோடு அணைத்தவளுக்கு இடது மார்பில் சுருக்கென்றது. தொட்டுப் பார்த்தால் கட்டி. வியாபாரம் முடியட்டும் என்று தள்ளினாள். பிறகு மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளினாள். ஜாக்கெட்டுக்கு அடங்காத அளவுக்கு வளர்ந்த பிறகுதான் கணவனிடம் வாய் திறந்தாள். அவன் சிதம்பரத்தில் இருந்த அவள் தம்பி அன்புமணிக்குப் போன் போட்டான்.

"இங்க ஒரு டாக்டர் இருக்காரு மாமா. கைராசிக்காரரு. அக்காவ இட்டுக்கிட்டு வாங்க" என்றான் தம்பி.

டாக்டர் ஊசி குத்திப் பரிசோதித்து, புற்றுநோய் இல்லை, ஆனால் பெரிய கட்டி, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். ஆபரேஷன் அன்று காலையில் பச்சை அங்கியோடு கட்டிலில் படுத்திருந்தாள். டாக்டர் உள்ளே வந்தார். அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு தேவநாதனைப் பார்த்து, "சார், ஒரு நிமிஷம் வெளிய வாங்க" என்றார். பாதி திறந்திருந்த கதவு வழியாக வராந்தாவில் இருவரும் நிற்பது தெரிந்தது. டாக்டர் கையை அசைத்து ஏதோ சொன்னார். தேவநாதன் தலையாட்டினான். நர்ஸ் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான்.

அது அவளுக்கு வித்தியாசமாகவே படவில்லை. நம் ஊர்களில் அதுதானே வழக்கம்? கட்டிலில் கிடப்பது பொம்பளை உடம்பு, அதைப் பற்றிய பேச்சு வராந்தாவில் ஆம்பளைகளுக்குள். கூட வந்த ஆம்பளை கையெழுத்துப் போட்டுவிட்டால் டாக்டருக்கும் நிம்மதி, நர்ஸுக்கும் நிம்மதி. அவளுக்குமே அன்று நிம்மதியாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டி போனது. வலி போகவில்லை. தையல் ஆறிய இடம் ஒரு மாதத்தில் சிவந்தது, பிறகு கசிந்தது. இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஏறி டாக்டரிடம் போனாள், மாத்திரை கொடுத்தார். கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி சீழ் வைக்கும். மறுபடி பஸ், மறுபடி மாத்திரை. "உங்களுக்கு சுகர் இருக்கும்மா, அதான் ஆற மாட்டேங்குது" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை இல்லை. "உடம்புவாகு" என்றார். கடையில் மேல்தட்டுப் புடவைகளைப் பக்கத்துப் பெண் மலர்க்கொடிதான் இறக்கிக் கொடுத்தாள். கசிவு ஜாக்கெட்டைத் தாண்டாமல் இருக்க உள்ளே துணி மடித்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்க நின்று, பட்டுப் புடவையை விரித்துக் காட்டினாள். வாங்க வந்த பெண்கள் நிறத்தைப் பார்த்தார்கள், கரையைப் பார்த்தார்கள். அவளை யார் பார்த்தது?

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. 2009 ஆகஸ்டில் மலர்க்கொடி பிடிவாதமாகப் புதுச்சேரிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு பெண் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"உள்ள வலை வச்சிருக்காங்களே, எதுக்கும்மா வச்சாங்க?"

"என்னா வலை?"

டாக்டர் ஸ்கேனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். குடலிறக்கத்துக்கு வைப்பார்கள், கொசுவலை மாதிரி பிளாஸ்டிக், அதை மார்புக்குள் வைத்திருக்கிறார்கள், சுருண்டு சீழ்பிடித்துப்போய்க் கிடக்கிறது என்றார். தில்லையம்மாளுக்கு வலியைவிட வலை என்ற அந்தச் சொல்தான் உறைத்தது. தன் உடம்புக்குள் ஒன்றரை வருஷமாக ஒரு பொருள் இருந்திருக்கிறது, தனக்குத் தெரியாது. சொல்லப்போனால் அன்றைக்கு வந்த அசதி இன்றுவரை அவளை விட்டுப் போகவில்லை.

வலையை எடுத்தார்கள். மார்பில் பாதியும் கூடவே போயிற்று. எடுத்ததை ஒரு பாட்டிலில் போட்டுத் தேவநாதனிடம் கொடுத்தார்கள், லேபில் கொடுத்துப் பரிசோதிக்கலாம் என்று. அவன் அதை லேபுக்குக் கொண்டுபோகவில்லை. திருவந்திபுரம் கோயிலில் மொட்டை போட்டுக்கொள்வதாக வேண்டியிருந்தான். புண் ஆறியதும் குடும்பத்தோடு போனார்கள். முடி கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் அவள் கட்டியிருந்த புடவை, துணி எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கெடிலம் ஆற்றில் விட்டான். நோய் பட்ட சாமான் வீட்டில் இருக்கக் கூடாது என்றான். அந்த மூட்டைக்குள் பாட்டிலும் இருந்தது. பீடை தொலைந்தது என்று அவளும் கும்பிட்டுக்கொண்டாள்.

அந்த டாக்டர் மேல் கேஸ் போட வேண்டும் என்று அவளுக்கு அப்போதே தோன்றியது. சொன்னபோது வீட்டில் ஒரே பதில்தான்: சுவேதா கல்யாணம் முடியட்டும். அம்மாவின் மார்பைப் பற்றிக் கோர்ட்டில் பேசுகிறார்கள் என்றால் பெண் கேட்டு எவன் வருவான்? அதில் நியாயம் இருப்பதாக அவளும் நினைத்தாள். 2011 தையில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்குச் சேத்தியாத்தோப்பில் உரக்கடை. மறுவீட்டுச் சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள், கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கடலூரில் வக்கீல் ஜெயராணியிடம் போனாள். தேவநாதன் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தான்.

ஜெயராணி அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்லவேள இப்பவாவது வந்தீங்க. வலை இருக்குன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள நுகர்வோர் மன்றத்துல போடணும். ஆகஸ்டு தாண்டியிருந்தா, ஏன் லேட்டுன்னு அதுக்கே ஒரு கேஸ் நடத்தணும். போலீஸ்ல குடுக்கலாம், ஆனா அதுக்கு வேற டாக்டருங்க வந்து தப்புன்னு சொல்லணும், லேசுல சொல்ல மாட்டாங்க. மெடிக்கல் கவுன்சிலுக்கும் எழுதலாம். அவுங்க அவர வேணா கண்டிப்பாங்க, உங்களுக்கு ஒண்ணும் வராது. நீங்க காசு குடுத்து வைத்தியம் பாத்தவங்க. அதனால நுகர்வோர் மன்றந்தான் சரி. அந்த வலை எங்க?"

"ஆத்துல விட்டுட்டோம்" என்றாள்.

ஜெயராணி பேனாவைக் கீழே வைத்தார். "அது இருந்திருந்தா எந்தக் கம்பெனி, எதுக்கு செஞ்சதுன்னு பாத்து, கம்பெனி மேலயும் போட்டிருக்கலாம். சரி, போனது போகட்டும். புதுச்சேரி ரிப்போர்ட் போதும். உங்களுக்கு என்ன வேணும்? நஷ்ட ஈடா?"

"அது வந்தா வரட்டும்மா. என்னக் கேக்காம வச்சாரு இல்ல? கேக்காமதான் வச்சேன்னு அவரு எழுதணும்."

தேவநாதன் அப்போது சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனு போட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்பு டாக்டர் தரப்பின் பதில் வந்தது. ஜெயராணி அதை இங்கிலீஷில் இருந்து தமிழாக்கிப் படித்தார். கட்டியை எடுத்தால் மார்பு குழி விழும், வலை வைத்தால் வடிவம் நிற்கும் என்பது நோயாளியின் கணவருக்கு விளக்கப்பட்டது. அவர் சம்மதித்துக் கையெழுத்திட்டார். மனைவியிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள் என்றும் அவரே கேட்டுக்கொண்டார்.

தில்லையம்மாள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபக்கார மனிதன். கரண்டுக் கம்பத்தோடுகூட சண்டைக்கு நிற்பவன். பொய் என்றால் இந்நேரம் மேஜையைத் தட்டியிருப்பான். அவன் தட்டவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எனக்குத் தெரியாதுன்னே எழுதுங்கம்மா" என்றான் மெதுவாக.

"பொய் சொன்னா தோத்துடுவோம், கையெழுத்து இருக்கு" என்றார் ஜெயராணி. "உண்மையச் சொன்னாதான் ஜெயிப்போம். புருஷன் சம்மதிச்சா பொண்டாட்டி சம்மதிச்ச மாதிரி ஆகாது. நெனவோட, வெவரத்தோட இருக்கறவங்கன்னா அவங்களத்தான் கேக்கணும். உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. என்கிட்ட சொன்னாரு, நானும் அவளக் கேக்கல, டாக்டரும் கேக்கலன்னு நீங்க சத்தியப் பிரமாணம் பண்ணணும். அது இல்லாம இந்தக் கேஸ் நிக்காது."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் கேட்டாள்.

"டாக்டரு கேட்டப்ப நீங்க என்னா சொன்னீங்க?"

"வைங்கன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அதயெல்லாம் ஒங்கிட்ட எப்பிடிப் பேசறது? ஒனக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

"எனக்கு நல்லதா, ஒங்களுக்கு நல்லதா?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"என்னக் கேட்டிருந்தா வேணான்னு சொல்லியிருப்பேன். குழி விழுந்தா விழுந்துட்டுப் போவுது. புள்ள பெத்து, பால் குடுத்து, அதோட வேல முடிஞ்சிது. எனக்குக் கை வேணும்ங்க. கையத் தூக்கிப் பொழைக்கறவ நான்." பிறகு கேட்டாள்: "அந்தப் பாட்டிலயும் தெரிஞ்சேதான் ஆத்துல விட்டீங்களா?"

"பயமா இருந்திச்சி. லேபுல குடுத்தா வெசயம் வெளிய வருமேன்னு..."

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே. தட்டில் காலையில் வடித்த சோற்றைப் போட்டு அவன் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் காய்கறி, கரண்டு பில் தவிர வேறு பேச்சு இல்லை. சத்தியப் பிரமாணத்துக்காக அவள் கெஞ்சவில்லை. ஜெயராணியிடம் மட்டும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகப் போய்வந்தாள்.

மார்கழி நடுவில் 'தானே' புயல் அடித்தது. வீட்டுக் கூரையில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பாதி பறந்தது, தெருவெல்லாம் மரம். வாரக்கணக்கில் கரண்டு இல்லை, கோர்ட்டும் இல்லை. தேவநாதன் கூரைமேல் உட்கார்ந்து பழைய பிளக்ஸ் பேனரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் கீழே நின்று வலது கையால் கயிற்றை எடுத்து நீட்டினாள். எட்டவில்லை. சுவரைப் பிடித்து எம்ப இடது கையைத் தூக்கப் பார்த்து, முகம் சுளித்து, இறக்கிக்கொண்டாள். அவன் அதைப் பார்த்தான். நான்கு வருஷமாகப் பார்ப்பதுதான். ஆனால் அன்று அவன் கீழே இறங்கி வந்து கயிற்றை வாங்கிக்கொண்டான்.

"அந்த வக்கீலம்மாகிட்ட எழுதச் சொல்லு. நான் கையெழுத்துப் போடறேன்" என்றான்.

"ஊர்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

போட்டான். அன்புமணி அதைக் கேள்விப்பட்டு, "என்ன மாமா, உங்க மானத்த நீங்களே கப்பலேத்தறீங்க" என்று போனில் சத்தம் போட்டான். டாக்டரைச் சொன்னவன் அவன், அவனுக்கும் உறுத்தல்.

மாசியில் விசாரணைக்கு வந்தது. மன்றத்தின் வராந்தாவில் பெஞ்சில் தில்லையம்மாளும் ஜெயராணியும் உட்கார்ந்திருந்தார்கள். தேவநாதன் தள்ளி நின்றான். டாக்டரின் வக்கீல் வந்தார். நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களையும் தாண்டிப் போய்த் தேவநாதன் தோளில் கை வைத்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம் இப்படி வாங்க. பேசி முடிச்சுக்கலாம்."

தில்லையம்மாள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே வராந்தா, அதே ஒரு நிமிஷம். போய்விடுவான், தலையாட்டிவிட்டு வருவான் என்றே நினைத்தாள். அவன் நகரவில்லை.

"என்னத் தனியாக் கூப்ட்டுக் கேட்டுக் கேட்டுதான் சார் இவ்ளோ தூரம் வந்து நிக்கறோம்" என்றான், அங்கிருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒடம்பு அவளோடது. அவளக் கேளுங்க."

வக்கீல் அவள் பக்கம் வந்தார். டாக்டர் நல்ல தொகையாகவே தருவதாகவும், மனுவை வாபஸ் வாங்கினால் இன்றோடு அலைச்சல் தீரும் என்றும் சொன்னார். அலைச்சல் தீரும் என்ற சொல் அவளைக் கிட்டத்தட்ட சாய்த்தேவிட்டது. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். அவ்வளவு சுலபம்.

"கேக்காம வச்சேன்னு அவரு எழுதித் தருவாரா?"

"அது மட்டும் முடியாதும்மா."

"அப்ப உள்ள போயிப் பேசிக்கலாம்" என்றாள்.

2012 புரட்டாசியில் தீர்ப்பு வந்தது. நோயாளியைக் கேட்காமல் அவர் உடலில் வலை வைத்தது குறைபாடான சேவை, கணவரின் கையெழுத்து அவருடைய சம்மதம் ஆகாது என்று ஜெயராணி படித்துச் சொன்னார். தில்லையம்மாள் அந்த வரியை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாள். இவ்வளவு நாள் வராத அழுகை அப்போது வந்தது. தேவநாதன் பக்கத்தில் கைகட்டி நின்றான்.

"அவுங்க சென்னைக்கு அப்பீல் போவாங்க. நாமளும் போயி நிக்கணும், அதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆவும்" என்ற ஜெயராணி, பழக்கதோஷத்தில் தேவநாதனைப் பார்த்தார். பிறகு சுதாரித்துத் தில்லையம்மாள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. போலாமா?"

தில்லையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கேளுங்கம்மா, சொல்றேன். இன்னிக்கு நான் போயித் தூங்கணும்."